சோலார், காத்தாடி, கரண்ட் பில்: திருகோணமலையில எங்களிட்ட அடிக்கடி கேட்ட கேள்விகள்

நாங்க சில பேர் சேந்து மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி, உவர்மலை எண்டு போற இடமெல்லாம் சூரிய சக்தி, காற்று மின்சாரம் பத்தி சனத்தோட கதைச்சு வாறம். எந்தக் கட்சிக்கும் எந்தக் கம்பனிக்கும் ஆளில்லை. இந்த நாடு எரிபொருளை இறக்கி எரிச்சு கரண்ட் எடுக்கிறதை விட்டு வெளிய வரணும், அதுக்கு சனத்திட ஆதரவு வேணும், அந்த ஆதரவைத் தாற சனத்திட காணியும் பேச்சும் மதிக்கப்படணும், இவ்வளவும் தான் எங்கட நிலைப்பாடு. தேத்தண்ணிக் கடையில, மீன் வாடியில, கோயில் வாசல்ல, பள்ளிவாசல் முன்னால எண்டு எங்க கதைச்சாலும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் தான் வருது, அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு பதிலை எழுதியிருக்கு. மேல சொன்னதை கீழ திரும்பச் சொல்லேல்ல, அதனால வரிசையா வாசிச்சா நல்லம்.

"புதுப்பிக்கத்தக்க சக்தி எண்டா சோலார் மட்டும் தானே தம்பி?"

இல்லை அம்மா. எடுக்க எடுக்கத் தீராதது எல்லாம் அதுக்குள்ள வரும். வெயில், காத்து, ஆத்துத் தண்ணி, உமி மரக்கழிவு மாதிரி எரிச்சு எடுக்கிறது எல்லாம் சேரும். லக்சபான மின்நிலையம் 1950லயே தொடங்கிட்டுது, அதுக்குப் பிறகு மகாவலி அணைக்கட்டுகள் வந்தது, ஒரு காலத்தில இந்த நாட்டுக் கரண்ட் முக்கால்வாசியும் தண்ணியில தான் ஓடினது. பிறகு தேவை கூடிக்கொண்டு போக டீசலும் உலை எண்ணெயும், 2011ல இருந்து நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையமும் வந்து சேந்தது.

இப்ப நல்ல மழை பெஞ்ச வருசத்தில கிட்டத்தட்ட பாதிக் கரண்ட் தண்ணி, வெயில், காத்தில இருந்து வருது. 2030க்குள்ள அதை 70 வீதம் ஆக்குவம், புதுசா நிலக்கரி மின்நிலையம் கட்டமாட்டம், 2050ல கார்பன் நடுநிலைக்கு வருவம் எண்டு இலங்கை அரசாங்கம் உலகத்துக்கு எழுதிக் குடுத்திருக்கு. நாங்க புதுசா ஒண்டும் கேக்கேல்ல, எழுதிக் குடுத்ததைச் செய்யச் சொல்லித் தான் கேக்கிறம்.

"இதெல்லாம் கொழும்பில முடிவெடுக்கிற விசயம், நாங்க ஆதரவெண்டா என்ன, எதிர்ப்பெண்டா என்ன?"

திருகோணமலைக்காரர் இந்தக் கேள்வியைக் கேக்கவே கூடாது எண்டு நினைக்கிறன். சம்பூரைப் பாருங்க. 2006ல சண்டையில இடம்பெயர்ந்த சனம் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முகாம்களில வருசக்கணக்கா கிடந்தது. அவங்கட ஊரில 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வரப்போகுது எண்டு இந்தியாவிட அரச மின் கம்பனி என்.டி.பி.சி.யும் மின்சார சபையும் ஒப்பந்தம் போட்டாச்சு, 2011ல ரெண்டும் சேந்து பாதிப் பாதிப் பங்கில கம்பனியும் தொடங்கியாச்சு. பக்கத்திலயே 818 ஏக்கர் முதலீட்டு வலயம் எண்டு வேற வர்த்தமானி. 2015ல அந்த 818 ஏக்கர் வர்த்தமானிய ரத்துச் செய்து சனம் காணிக்குத் திரும்பத் தொடங்கினது, திரும்பி வந்த கையோட அதே சனம், வீடு கூட முழுசா கட்டி முடியாத சனம், நிலக்கரி வேணாம் எண்டு ரோட்டுக்கு வந்து நிண்டது. கொட்டியாரக் குடாவில தொழில் செய்யிற மீனவர் வந்தாங்க, மூதூர் முஸ்லிம் ஆக்கள் வந்தாங்க, சுற்றாடல் அமைப்பொண்டு உயர் நீதிமன்றத்தில வழக்குப் போட்டது.

2016 செப்டம்பரில அரசாங்கமே நீதிமன்றத்தில வந்து சம்பூர்ல நிலக்கரி நிலையம் கட்டமாட்டம் எண்டு சொன்னது. ரெண்டு அரசாங்கம் கையெழுத்துப் போட்ட ஒரு திட்டம். இப்ப அதே சம்பூர்ல 120 மெகாவாட் சோலார் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில வேலை தொடங்கி வச்சிருக்காங்க. சனம் வாய மூடிக்கொண்டு இருந்திருந்தா இண்டைக்கு அந்தக் கரையில சாம்பல் மேடு தான் இருந்திருக்கும்.

"அண்டைக்கு நிலக்கரியை நிப்பாட்டினதால தானே 2022ல 13 மணித்தியாலம் இருட்டில கிடந்தம்?"

இது கனபேர் கோவமாவே கேக்கிற கேள்வி, அந்தக் கோவத்தில நியாயமும் இருக்கு, அந்த மார்ச் கடைசியை யாரும் மறக்கேல்ல. ஆனா அப்ப என்ன நடந்தது எண்டு பாருங்க. மின்நிலையம் இல்லாம நாடு இருளேல்ல, இருந்த மின்நிலையத்துக்கு ஊத்த எண்ணெய் இல்லாம தான் இருண்டது. கப்பல் வந்து துறைமுகத்தில நிண்டது, காசு கட்ட டொலர் இல்லை. அதோட அந்த நேரம் நீர்த்தேக்கங்களில தண்ணியும் குறைவு.

நிலக்கரியும் இங்க விளையிறதில்லை. நுரைச்சோலைக்கு வாற அவ்வளவும் வெளிநாட்டுக் கரி, டொலருக்குத் தான் வருது, அதுவும் தென்மேல் பருவக்காத்து நேரம் கடல் கொந்தளிக்கிறதால கப்பல்ல இருந்து இறக்க ஏலாது, அதுக்கு முதலே வருசத்துக்கான கரியை இறக்கி குவிச்சு வைக்கணும். அதனால சம்பூர்ல கட்டியிருந்தாலும் 2022ல டொலர் தேவை இன்னும் கூடியிருக்குமே தவிர குறைஞ்சிருக்காது. வெயிலுக்கு யாரும் எல்.சி. (இறக்குமதிக்கு வங்கி குடுக்கிற பணப் பொறுப்புக் கடிதம்) திறக்கத் தேவையில்லை. எனக்கு இந்த விசயத்தில இருக்கிற முதல் காரணமே இது தான், சுற்றாடல் எல்லாம் அதுக்குப் பிறகு.

"மாரி காலம் பிறந்தா ரெண்டு மாசம் சூரியனையே காணமாட்டம், அப்ப என்ன செய்யிறது?"

சோலார் மட்டும் போட்டா கஷ்டம் தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஐப்பசி கார்த்திகை மார்கழி எங்களுக்கு வாடை மழை, பனல் பாதிக்கும் கீழ தான் தரும் சில நாள். ஆனா நாடு முழுக்க ஒரே நேரத்தில ஒரே காலநிலை இல்லை. எங்களுக்கு கச்சான் காத்து அடிச்சு வயலெல்லாம் காஞ்சு கிடக்கிற வைகாசி ஆனி ஆடியில மன்னார் பக்கம் காத்து பிச்செடுக்கும், மத்திய மலையில மேற்குப் பக்கம் மழை கொட்டும். மன்னார்ல மின்சார சபையிட தம்பபவனி காத்தாலை 103.5 மெகாவாட், 30 காத்தாடி, அந்த மாசங்களில தான் அது நல்லா உழைக்கும். மாசி பங்குனியில ஆத்துத் தண்ணி வத்திற நேரம் வெயில் உச்சத்தில நிக்கும்.

அதனால ஒண்டை மட்டும் நம்பாம தண்ணி, வெயில், காத்து மூண்டையும் சேத்துத் தான் திட்டம் போடணும். நல்ல வெயில் நாளில 1 கிலோவாட் பனல் கிட்டத்தட்ட 4 யூனிட் தரும், திருகோணமலை, வடக்கு, அம்பாந்தோட்டை பக்கமெல்லாம் நாட்டிலயே வெயில் கூடின இடங்கள்.

"லைட்டு போடுறது ராவைக்குத் தானே, சூரியன் இருக்கிறது பகலைக்கு?"

நல்ல கேள்வி, இதுக்குத் தான் இப்ப என்ஜினியர்மாரே மண்டைய உடைக்கிறாங்க. பின்னேரம் ஆறரையில இருந்து பத்தரை வரைக்கும் தான் நாட்டில கரண்ட் ஆகக் கூடப் போற நேரம், சோலார் அப்ப படுத்திடும். ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, பகல்ல சோலார் ஓடுற நேரம் அணைக்கட்டுத் தண்ணியை மிச்சம் பிடிச்சு ராவைக்கு திறக்கிறது, இது இப்பவே ஓரளவுக்கு நடக்குது. மற்றது சேமிச்சு வைக்கிறது. பெரிய பற்றரி வைக்கலாம், இல்லாட்டி பகல் கரண்ட்டில தண்ணியை மேல் குளத்துக்கு ஏத்தி ராவைக்கு கீழ விட்டு டர்பைன் சுத்தலாம், மகா ஓயாவில 600 மெகாவாட்டுக்கு இப்பிடி ஒரு திட்டம் கன காலமா பேச்சில இருக்கு.

பேச்சில இருக்கு எண்டது தான் பிரச்சினை. கூரை சோலார் நாடு முழுக்க 1,000 மெகாவாட்டைத் தாண்டிட்டுது, சேமிக்கிற வசதி அதுக்கு ஈடா வரேல்ல. சனத்திட ஆதரவு இப்ப ஆகத் தேவைப்படுற இடம் இது தான், ஆனா பற்றரிக்காக யாரும் ஊர்வலம் போறதில்லை.

"ஒரு குரங்கு பாஞ்சதுக்கு நாடே இருண்டதே, சோலார் கூடினதால தான் எண்டு சொல்லுறாங்களே?"

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில குரங்கு பாஞ்சதில கோளாறு தொடங்கினது, நாடு முழுக்க கரண்ட் போனது, நுரைச்சோலை மின்நிலையமும் நிண்டு போய் அடுத்த நாட்களில ஒன்றரை மணித்தியால வெட்டும் வந்தது. இதில சோலாருக்கும் ஒரு பங்கு இருக்கு, இல்லை எண்டு சொன்னா அது பொய். லீவு நாளில தேவை குறைவு, நடுப்பகல் சோலார் அதிகம், அந்த நேரம் சுத்திக்கொண்டு இருக்கிற பெரிய டர்பைன்கள் குறைவு. அந்தப் பாரமான டர்பைன் சுத்துற வேகத்தில தான் கிரிட், அதாவது நாட்டு மின் வலையமைப்பு, ஒரு அதிர்ச்சி வந்தாலும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும், அது இல்லாத நேரம் சின்ன அடியும் பெரிசாகும்.

ஆனா சோலார் கூடினது தான் பிழை எண்டு முடிக்கேலாது. சோலார் கூடும் எண்டு தெரிஞ்சும் பற்றரி, கட்டுப்பாட்டுக் கருவி ஒண்டும் நேரத்துக்குப் போடேல்ல. அதே வருசம் சித்திரைப் புத்தாண்டு லீவில கூரை சோலார் வச்சிருக்கிற ஆக்களை பகல்ல ஓஃப் பண்ணச் சொல்லி மின்சார சபை கேட்டது. வெயில் காய்ஞ்சு கொண்டிருக்க அதை வேணாமெண்டு சொல்ற நிலைமைக்கு ஒரு நாடு வந்தா அது திட்டமிடலிட குறை. முந்தின பதில்ல சொன்ன சேமிப்பு வந்தா இந்தப் பிரச்சினையில பெரும்பகுதி போயிடும்.

"எங்கட வீட்டுக் கூரைக்கு சோலார் போடலாமா? லாபமா?"

பில் மாசம் 150, 200 யூனிட்டைத் தாண்டுற வீடுகளுக்குத் தான் கணக்குப் பாக்க வேணும், அதுக்குக் கீழ எண்டா அவசரப்பட வேணாம். 5 கிலோவாட்டுக்கு இப்ப வாற பனல்ல ஒன்பது பத்து போதும். கூரையில எடுத்து மின்சார சபைக்கு விக்கிற யூனிட்டுக்கு என்ன விலை தருவாங்க எண்டது தான் லாபத்தைத் தீர்மானிக்கும், அது மாறிக்கொண்டே வந்திருக்கு. 2016ல சூரிய பல சங்கிராமய எண்ட அரசாங்கத்திட கூரை சோலார் திட்டம் தொடங்கின நேரம் முதல் ஏழு வருசத்துக்கு 22 ரூபா, பிறகு 15.50 எண்டு இருந்தது, பிறகு கூட்டினாங்க, திரும்பக் குறைச்சாங்க. கையெழுத்துப் போடுற அண்டைக்கு இருக்கிற விலை என்ன, எத்தனை வருசத்துக்கு எண்டதை ஒப்பந்தத்தில வாசிச்சுப் பாத்து எடுங்க, கம்பனிக்காரர் வாயால சொல்றதை வச்சு லோன் எடுக்காதீங்க.

எங்கட ஊருக்கெண்டு ஒரு விசயம், கடல் உப்பு. நிலாவெளி, உப்புவெளி, டச்சுக் குடா கரையோரம் எண்டா சாதாரண இரும்பு பிரேம், சாதாரண ஆணி ரெண்டு மூண்டு வருசத்திலயே துருப்பிடிச்சு தோல் உரியத் தொடங்கும், பிறகு ஓட்டில அந்தத் துருத்தண்ணி வடிஞ்சு கோடு விழும். அலுமினிய ரெயில், ஸ்டெயின்லஸ் நட் போல்ட் தான் போடணும் எண்டு கொட்டேசன்லயே எழுதி வாங்குங்க. இன்வெர்ட்டரை (பனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டா மாத்துற பெட்டி) கடல் காத்துப் படுற சுவரில மாட்ட விடாதீங்க. கச்சான் மாசங்களில பனல்ல புழுதியும் உப்பும் சேந்து வெள்ளையாப் படியும், விடியக் காலமை வெயில் ஏற முதல் நல்ல தண்ணி ஊத்திக் கழுவினாக் காணும், மத்தியானம் சூடான கண்ணாடியில குளிர்தண்ணி அடிக்கக் கூடாது.

"எதிர்வீட்டு மாஸ்டர் கூரை முழுக்க சோலார் போட்டிருக்கார், கரண்ட் போனா அவர் வீடும் இருட்டு தானே, இதென்ன கூத்து?"

அது பழுது இல்லை, அப்பிடித் தான் செய்திருக்கு. லைன்ல கரண்ட் போனா சாதாரண இன்வெர்ட்டர் தானா நிண்டிடும், நிக்கணும். ஏனெண்டா வயர் அறுந்ததைத் திருத்த போஸ்ட்ல ஏறின மின்சார சபைப் பொடியனுக்கு லைன் செத்துக் கிடக்கு எண்டு நம்பிக்கை, அந்த நேரம் உங்கட கூரையில இருந்து கரண்ட் லைனுக்குப் போனா ஆள் உயிர் போயிடும்.

கரண்ட் போனாலும் வீட்டில லைட் எரியணும் எண்டா பற்றரியோட சேந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போடணும், அது விலை கூட. இதைச் சொல்லாம சோலார் விக்கிற ஆக்களால தான் கனபேருக்கு சோலாரிலயே நம்பிக்கை போகுது.

"நாங்க சீட் போட்ட சின்ன வீட்டில இருக்கிறம், சோலார் எல்லாம் பணக்காரருக்குத் தானே மகன்?"

கூரை சோலார் இது வரைக்கும் வசதியானவங்களுக்குத் தான் கூட உதவியிருக்கு, நீங்க சொல்றது சரி அம்மா. ஆனா 2022 ஆகஸ்டில ஒருக்கா, 2023 பெப்ரவரியில ஒருக்கா பில் ஏறினதே, அந்த அடி விழுந்தது உங்கட மாதிரி வீட்டில தான், அது வந்தது எண்ணெய் விலையாலயும் டொலர் விலையாலயும். பெரிய அளவில வெயில் காத்து மின்சாரம் கிரிட்டுக்கு வந்தா, கூரையில ஒண்டும் இல்லாத வீட்டுக்கும் அதிட நன்மை போகும். போகணும். அதை பில்லில காட்டச் சொல்லிக் கேக்கிறதும் ஆதரவிட ஒரு பகுதி தான்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பிரதேச சபைக் கட்டிடம், மீனவர் சங்க ஐஸ் அறை, கந்தளாய் கிண்ணியா பக்கத்து நெல் ஆலைகள், இந்தக் கூரைகளில போட்டா அது ஊருக்கே பொதுவான சொத்து. மாசக் கடைசியில பில் கட்டக் காசில்லாம லைன் வெட்டுப்படுற பள்ளிக்கூடங்களை முதல் யோசிக்கணும் எண்டது என்ட அபிப்பிராயம்.

"அப்ப என்ட பில் குறையுமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

உடன குறையாது. லைன் இழுக்க, பற்றரி வாங்க, கிரிட்டை மாத்த முதல்ல காசு போகும். ஆனா பில் திடீரெண்டு எகிறுறது குறையும். சம்பூர் சோலாருக்கு யூனிட்டுக்கு 5.97 அமெரிக்க சதம் எண்டு விலை பேசியிருக்கு, டீசல்ல எடுக்கிற யூனிட் இதை விட சில மடங்கு கூட. அந்த விலை உலகத்தில எங்க சண்டை நடந்தாலும் ஏறாது, எண்ணெய் விலை அடுத்த நாளே ஏறும்.

"எங்கட சின்ன நாடு விடுற புகையிலயா உலகம் சூடாகுது? அமெரிக்கா சீனா முதல்ல நிப்பாட்டட்டும்."

இலங்கையில ஒராள் வருசத்துக்கு விடுற கார்பன் ஒரு தொன் அளவு தான், உலக சராசரியிட கால்வாசிக்கும் கீழ. அதனால உலகத்தைக் காப்பாத்த நாங்க கஷ்டப்படணும் எண்டு நான் யாரிட்டயும் கேக்கிறதில்லை. 2022 பதிலைத் திரும்பப் பாருங்க, எங்கட காரணம் எங்கட பொக்கெட், எங்கட மூச்சு. நுரைச்சோலைக்குப் பக்கத்து சனம் சாம்பல் பறந்து வந்து தோட்டத்தில விழுகுது எண்டு வருசக்கணக்கா சொல்லிக்கொண்டு இருக்கு.

"சனம் உண்மையிலேயே இதை விரும்புதா, இல்லாட்டி உங்கள மாதிரி நாலு பேர் கத்துறீங்களா?"

2024ல ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் 77 நாடுகளில சனத்திட்ட கேட்டுப் பாத்தது, 72 வீதமான ஆக்கள் தங்கட நாடு எண்ணெய், கரியை விட்டு வேகமா வெளிய வரணும் எண்டு சொல்லியிருக்காங்க. எங்கட மாவட்டத்துக்கு அப்பிடி ஒரு கணக்கெடுப்பைக் காட்ட என்னிட்ட இல்லை, ஆனா கேட்ட அளவில சோலார் கூடாது எண்டு சொன்ன ஆள் குறைவு. எங்க வைக்கப் போறீங்க, யாரிட காணியில, லாபம் யாருக்கு, இதைத் தான் கேக்கிறாங்க. அடுத்த ரெண்டு கேள்வியும் அது தான்.

"முத்துநகர்ல வயல் செஞ்ச ஆக்களை எழுப்பிப்போட்டு சோலார் போடுறாங்க, அதையும் ஆதரிக்கச் சொல்லுறீங்களா?"

இல்லை. முத்துநகர் விவசாயிகள் தலைமுறையா வயல் செய்த காணி. அது துறைமுக அதிகார சபையிட காணி எண்டு சொல்லி சோலார் கம்பனிகளுக்குக் குடுத்தாங்க, 2025ல அந்த விவசாயிகள் போராட்டத்துக்கு இறங்கி கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால சத்தியாக்கிரகம் இருந்தாங்க. பத்திரத்தில காணி யாரிட பேரில இருக்கு எண்டது ஒரு விசயம், அதில யார் வரம்பு கட்டி யார் விதைச்சுச் சாப்பிடுறாங்க எண்டது வேற விசயம். குளத்துத் தண்ணி பாயிற வயலை மூடி பனல் வைக்கிறது பசுமையும் இல்லை நியாயமும் இல்லை. சோறு போடுற நிலத்தை எடுத்துத் தான் கரண்ட் எடுக்கணும் எண்ட நிலைமை இந்த மாவட்டத்தில இல்லவே இல்லை.

கணக்கைப் பாருங்க. நிலத்தில வைக்கிற சோலாருக்கு ஒரு மெகாவாட்டுக்கு கிட்டத்தட்ட நாலு ஏக்கர் வேணும். தமிழ்நாட்டு கமுதியில 648 மெகாவாட்டுக்கு 2,500 ஏக்கர் போனது. அப்ப 100 மெகாவாட் எண்டா 400 ஏக்கர். அதே 100 மெகாவாட்டை 5 கிலோவாட் வீதம் 20,000 கூரையில வைக்கலாம், ஒரு ஏக்கர் வயலும் போகாது. நெல் ஆலைக் கூரை, அரசாங்கக் கட்டிடக் கூரை, கைவிடப்பட்ட கல்லுத்தரை, பயிர் ஏலாத உவர்நிலம் எல்லாம் இருக்கு. கம்பனிக்கு பெரிய தொடர்க் காணி வசதி, லைன் ஒண்டு போதும், வேலி ஒண்டு போட்டாக் காணும், அதால தான் வயலுக்கு வாறாங்க.

எனக்கு இதில பயம் என்னெண்டா, இப்பிடி ரெண்டு மூண்டு முத்துநகர் நடந்தா சோலார் எண்ட பேரைக் கேட்டாலே சனம் கல்லெடுக்கும். நிலக்கரியைத் துரத்தின மாவட்டம் இது. அந்த ஆதரவை வீணாக்கிறது போராடுற விவசாயிகள் இல்லை, அவங்களைக் கேக்காம காணிய எழுதினவங்க.

"மன்னார்லயும் சனம் காத்தாடி வேணாம் எண்டு நிக்குதே?"

அங்க வேற காரணங்கள். மன்னார் தீவு சின்னது, ஒவ்வொரு வருசமும் வெளிநாட்டுப் பறவைகள் லட்சக்கணக்கில வந்து போற பாதை, மழைத்தண்ணி ஓடுற வழி அடைபடுது எண்டு சனம் சொல்லுது. அதானி கம்பனி மன்னார், பூநகரியில 484 மெகாவாட்டுக்கு வந்தது, விலையை எதிர்த்தும் சுற்றாடலுக்காகவும் நீதிமன்றத்தில வழக்குகள் போனது, 2025 பெப்ரவரியில கம்பனியே விலகிட்டுது. காத்து அடிக்கிற இடமெல்லாம் காத்தாடி நடேலாது. பூநகரி மாதிரி வேற இடங்கள் இருக்கு, அங்க சனத்தோட பேசி முதல்ல இருந்து செய்யலாம்.

"இந்தியாக்காரனுக்கு திருகோணமலைய எழுதிக் குடுக்கிறதுக்கு இது ஒரு சாட்டுத் தானே?"

வெள்ளைக்காரன் கட்டின 99 எண்ணெய்க் குதம் சீனக்குடாவில நிக்கிறதைப் பாத்து வளந்த ஆக்கள் நாங்க, அதனால இந்தச் சந்தேகம் எங்களுக்கு ரத்தத்தில ஊறினது. துறைமுகம் இருக்கிறதால எல்லாருக்கும் எங்களில ஒரு கண். ஆனா திட்டத்துக்குத் திட்டம் பிரிச்சுப் பாக்கணும். சம்பூர் சோலார்ல பாதிப் பங்கு என்.டி.பி.சி.க்கு, பாதி மின்சார சபைக்கு. விலை மேல சொன்ன 5.97 சதம். மன்னார்ல அதானிக்குப் பேசின விலை 8.26 சதம், அது காத்து, இது வெயில், எண்டாலும் வித்தியாசம் யோசிக்க வைக்குது.

நாடு எது எண்டதை விட நான் கேக்கிற கேள்வி வேற. போட்டி விலைமனு கூப்பிட்டாங்களா? ஒப்பந்தம் சனம் வாசிக்கக் கூடியதா இருக்கா, தமிழ்ல இருக்கா? சம்பூர் சனத்திட மேய்ச்சல் தரைக்கும் மீன்பிடிப் பாதைக்கும் என்ன நடக்கும்? அந்த ஊருக்கு வருமானத்தில ஒரு சதமாவது திரும்பி வருமா? கம்பனி உள்ளூரா இருந்தாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லணும்.

"எங்கட பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா?"

பெரிய சோலார் பாம் கட்டுற நேரம் கனபேருக்கு வேலை, கட்டி முடிஞ்சா காவலுக்கும் கழுவுறதுக்கும் கொஞ்சப் பேர் தான், இதை மறைச்சு ஆசை காட்டுறவங்களை நம்பாதீங்க. கூரை சோலார் அப்பிடி இல்லை, பூட்ட, திருத்த, இன்வெர்ட்டர் மாத்த தொடர்ந்து ஆள் வேணும். இப்ப கொழும்பில இருந்து டீம் வந்து பூட்டிட்டுப் போகுது, பழுதெண்டா ரெண்டு கிழமை பாத்திருக்கணும். தொழில்நுட்பக் கல்லூரியில மின்னியல் படிக்கிற எங்கட பொடியன் பொட்டையளுக்கு இது சொந்தக் கடை போடக்கூடிய தொழில்.

"சரி, ஆதரவெண்டா நான் என்ன தான் செய்யணும்? கையெழுத்து வைக்கவா?"

கையெழுத்தை விடப் பலமான இடங்கள் இருக்கு. கரண்ட் விலைய மாத்த முதல் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சனத்திட கருத்தைக் கேக்கணும், எழுதி அனுப்பலாம், நேரில போயும் பேசலாம், தமிழ்லயே பேசலாம். பற்றரிக்கு எப்ப காசு ஒதுக்கப் போறீங்க, பள்ளிக்கூடக் கூரைக்கு என்ன திட்டம் எண்டு அங்க கேளுங்க, அது பதிவாகும். பெரிய திட்டத்துக்கு சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தா 30 வேலை நாள் சனத்திட பார்வைக்கு வைப்பாங்க, பிரதேச செயலகத்தில போய்ப் பாக்கலாம், அதுக்குள்ள எழுத்தில கருத்துக் குடுக்கணும். முப்பது நாள் முடிஞ்ச பிறகு தான் எங்கட ஆக்களுக்கு விசயமே தெரிய வருது, அதனால ஜி.எஸ். மாரோட (கிராம சேவகர்களோட) தொடர்பில இருங்க.

ஒப்பந்தம், காணி விபரம் தரமாட்டம் எண்டா 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. காரணம் சொல்லத் தேவையில்லை, ஒரு கடிதம் காணும், தருவமா இல்லையா எண்டு 14 வேலை நாளுக்குள்ள சொல்லணும். கடிதம் எழுதத் தெரியாது எண்டு நிக்காதீங்க, பக்கத்து ரியூசன் மாஸ்டர், ஓ.எல். படிக்கிற பிள்ளை யாரும் எழுதித் தருவாங்க.

"நான் முழு ஆதரவு, ஆனா என்ட வளவுக்குப் பக்கத்தில வேணாம். அது தப்பா?"

தப்பில்லை. ஏன் வேணாம் எண்டு சொல்லுங்க, அது தான் முக்கியம். சத்தமா, மாட்டுக்கு மேய்ச்சல் போகுதா, வெள்ளம் வடியிற வாய்க்கால் அடைபடுதா, பிள்ளைக்கு எழுதி வச்ச காணியிட விலை விழுமா, ஒவ்வொண்டுக்கும் வேற வேற பதில் இருக்கு. சிலதுக்கு இடத்தைக் கொஞ்சம் தள்ளினாலே காணும், சிலதுக்கு திட்டத்தையே நிப்பாட்டணும். காரணத்தைக் கேக்காம "அபிவிருத்திக்கு எதிரானவங்க" எண்டு முத்திரை குத்திற அதிகாரியோட தான் எனக்குச் சண்டை.

டென்மார்க்கில 2009ல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, காத்தாலை கட்டுற கம்பனி அதிட 20 வீதப் பங்கை முதல்ல அந்த ஊர் ஆக்களுக்கு, நாலரை கிலோமீட்டருக்குள்ள இருக்கிறவங்களுக்கு முன்னுரிமை குடுத்து, விலைக்கு எடுக்கச் சொல்லிக் கேக்கணும் எண்டு. பக்கத்தில சுத்துற காத்தாடியில தங்களுக்கும் பங்கிருந்தா சனம் அதை வேற மாதிரித் தான் பாக்கும். சம்பூர்ல வீட்டுக்கு ஒரு பங்கு, இல்லாட்டி ஊர்ச் சங்கத்துக்கு மாசாமாசம் ஒரு தொகை, அதில கிணறு, பாலர் பள்ளி, படகுக்கு எஞ்சின் லோன் எண்டு கேட்டுப் பாருங்க. முதல் தரம் இல்லை எண்டு தான் சொல்லுவாங்க. அடுத்த கருத்துக் கேட்பு கூட்டத்துக்குத் திகதி போட்டதும் எங்களுக்கும் சொல்லுங்க, மூதூர்ல இருந்து ஒரு வான் பிடிச்சு சேந்து போவம்.